பார்படோஸில் பொறியியல் வேலை: திருகோணமலை ஆலோசனை நிலையம் ஒன்றின் சேவை பற்றிய மதிப்பீடு

திருகோணமலையில் வெளிநாட்டு வேலைக்கு வழிகாட்டும் நிலையங்கள் பெரும்பாலும் வளைகுடா, கொரியா, இஸ்ரேல், அண்மைக் காலமாக ருமேனியா என்ற பழகிய தடத்திலேயே ஓடுகின்றன. கரீபியன் தீவுகளில், அதுவும் பட்டதாரிப் பொறியியலாளர்களுக்கு, வேலை தேடித் தருவதாகச் சொல்லும் நிலையம் எனக்குத் தெரிந்து நகரில் ஒன்றுதான் இருக்கிறது. கடைத்தெருவை ஒட்டிய மாடிக் கட்டடம் ஒன்றில் இயங்கும் அந்த நிலையத்தின் சேவையைச் சில மாதங்கள் பயன்படுத்தியவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். குறைகளையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருப்பதால் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். தேவைப்படுபவர்களுக்கு அடையாளம் கண்டுகொள்வது கடினமாக இராது.

என் தேவை சற்று வித்தியாசமானது. என் கணவர் மருத்துவர். பார்படோஸிலுள்ள மருத்துவக் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளர் பதவி அவருக்குக் கிடைத்தது. நான் பேராதனையில் குடிசார் பொறியியல் படித்து, கிழக்கு மாகாணத்தின் குடிநீர்த் திட்டங்களில் ஒப்பந்தகாரர் தரப்பில் தளப் பொறியியலாளராக இருந்தவள். பார்படோஸில் கணவரின் அனுமதியின் கீழ் தங்கியிருக்கும் மனைவிக்கு அந்த ஒன்றை வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியாது. வேலை தரும் நிறுவனம் தனியாக விண்ணப்பித்து, அவர் பெயரில் வேலை அனுமதி பெற வேண்டும். ஆகவே வீடு, பாடசாலை, விமானச் சீட்டு எல்லாம் கணவரின் நிறுவனமே பார்த்துக்கொண்டபோதும், என் தொழிலுக்கு நானே வழி தேட வேண்டியிருந்தது.

நிலையத்தின் சேவை மூன்று கட்டங்களாக இருக்கிறது. முதலாவது ஆவணத் தயாரிப்பும் சுயவிபரக்கோவையும். இதற்கு 35,000 ரூபாய். இரண்டாவது தொழிற்பதிவுக்கான வழிகாட்டலும் நேர்முகப் பயிற்சியும்; 60,000 ரூபாய். மூன்றாவது ‘முழுமையான வேலை தேடல்’ என்று அவர்கள் அழைப்பது. அதற்குக் கேட்ட தொகை முதலிரண்டையும் கூட்டினால் வருவதைவிடப் பன்மடங்கு. முதலிரண்டு கட்டங்களையும் முழுமையாகப் பெற்றேன். மூன்றாவதற்கு முதற் தவணையை மட்டும் செலுத்தி, அதன் பெறுபேற்றைப் பார்த்தபின் நிறுத்திக்கொண்டேன். ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் உரிய பற்றுச்சீட்டைத் தந்தார்கள் என்பதை நேர்மையாகக் குறிப்பிட வேண்டும்.

முதற் கட்டத்தைப் பற்றி நல்லதாக மட்டுமே சொல்ல முடியும். அதற்குக் காரணம் நிலையம் அல்ல, அங்கு பகுதி நேரமாக அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவர். மேற்கிந்தியத் தீவுகளில் பல ஆண்டுகள் பணியாற்றித் திரும்பியவர். நான் கொண்டுசென்ற சுயவிபரக்கோவையில் ‘குடிநீர் வழங்கல் திட்டத்தில் தளப் பொறியியலாளராகப் பணியாற்றினேன்’ என்று எழுதியிருந்த வரியைப் பென்சிலால் வட்டமிட்டுவிட்டு, “பிள்ளை, இதை வாசிக்கிறவனுக்கு என்ன விளங்கும்? என்ன குழாய், எத்தனை மில்லிமீட்டர், எவ்வளவு தூரம், அமுக்கச் சோதனையை யார் செய்தது, உங்களுக்குக் கீழே எத்தனை பேர்?” என்று கேட்டார். அந்த ஒரு வரி அன்று மாலைக்குள் நான்கு வரிகளாயிற்று: 110 முதல் 315 மில்லிமீட்டர் வரையான எச்.டி.பி.ஈ. எனும் அடர் பிளாஸ்டிக் குழாய்கள், மூதூர்ப் பக்கம் 14 கிலோமீட்டர் நீளம், இணைப்பு வெல்டிங்கின் தரப் பதிவேடு, சோதனையில் தோற்ற பகுதிகளை மீண்டும் தோண்டிச் சரிசெய்த விதம். வெள்ளத்துக்குப் பின்னர் கிண்ணியாவில் உடைந்த குழாய்களை மீளமைத்த வேலையை நான் கடைசிப் பக்கத்தில் போட்டிருந்தேன். அதையும் நீர்க்கசிவு கண்டறிந்த அனுபவத்தையும் முதற் பக்கத்துக்கு ஏற்றினார்.

அதற்கு அவர் சொன்ன காரணம் எனக்கு இந்தச் சேவையிலேயே மிகப் பெறுமதியானதாகப் பட்டது. பார்படோஸ் சுமார் 430 சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ள தீவு. நமது திருகோணமலை மாவட்டம் 2,700 சதுரக் கிலோமீட்டருக்கு மேல். அந்தச் சிறிய நிலத்தின் பெரும்பகுதி பவளச் சுண்ணாம்புக் கல். பெரிய ஆறு கிடையாது. குடிநீரில் பெரும்பங்கு அந்தச் சுண்ணாம்புப் படுகையின் நிலத்தடி நீரிலிருந்தே இறைக்கப்படுகிறது. வழங்கற் குழாய்களில் பல மிகப் பழையவை. ஆகவே அங்குள்ள ஒருவர் தேடுவது புதிய அணைக்கட்டை வடிவமைப்பவரை அல்ல, பழைய குழாயில் ஒழுகும் நீரைக் கண்டுபிடித்து நிறுத்துபவரை. தீவின் நிலத்தை அறிந்து சுயவிபரக்கோவை எழுதுவது என்பது இதுதான். இதை எந்த மாதிரிப் படிவமும் கற்றுத் தராது.

சான்றிதழ்களை ஒழுங்குபடுத்திய விதமும் நன்று. பட்டச் சான்றிதழ், பல்கலைக்கழகப் பெறுபேற்று அறிக்கை, இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்தின் உறுப்புரிமைக் கடிதம், பொறியியல் பேரவைப் பதிவு, சேவைக் கடிதங்கள், பொலிஸ் நற்சான்று ஆகியவற்றை எந்த வரிசையில் பெற வேண்டும், எதன் செல்லுபடிக் காலம் குறைவு, ஆகவே எதைக் கடைசியாக எடுக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதித் தந்தார்கள். வெளிநாட்டு அமைச்சின் சான்றுறுதிக்குக் கொழும்புக்கு இரவு ரயில் ஏற வேண்டியதில்லை, திருகோணமலையிலேயே உள்ள பிராந்திய அலுவலகத்தை நாடலாம் என்று சொன்னவர் அங்குள்ள எழுதுவினைஞர் பெண்தான்.

இரண்டாம் கட்டத்தில் நிறையும் குறையும் கலந்திருந்தன. நேர்முகப் பயிற்சியை அதே ஓய்வுபெற்ற பொறியியலாளர் நடத்தினார். அவர் கேட்ட கேள்விகளில் ஒன்றை எழுதினால் தரம் விளங்கும். அமெரிக்க வழங்குநரிடமிருந்து 60 ஹேர்ட்ஸ் அதிர்வெண் மின்சாரத்துக்கு எனக் குறிக்கப்பட்ட நீரிறைக்கும் பம்பி ஒன்று வந்து சேர்கிறது. பார்படோஸின் மின்சாரமோ 50 ஹேர்ட்ஸ். நேரே பொருத்தினால் என்ன நடக்கும்? சுழற்சி வேகம் ஆறில் ஐந்தாகக் குறையும். நீரோட்டமும் அதே விகிதத்தில் குறையும். ஆனால் நீரை உயர்த்தும் தலையுயரம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைவதால் ஏறத்தாழ 69 சதவீதமே மிஞ்சும், மேட்டிலுள்ள தாங்கிக்குத் தண்ணீர் ஏறாமலே போகலாம். டிரினிடாட்டிலும் கேமன் தீவுகளிலும் 60 ஹேர்ட்ஸ், பார்படோஸிலும் ஜமெய்க்காவிலும் 50 ஹேர்ட்ஸ் என்பதையும், பார்படோஸில் அதிர்வெண் நம்முடையதாக இருந்தாலும் வீட்டு மின்னழுத்தம் 115 வோல்ட் என்பதையும் அவர் வாயிலாகவே அறிந்தேன். பின்னர் உண்மையான நேர்முகத்தில் இதே கேள்வி வரவில்லை. ஆனால் பம்பி நிலையங்கள் பற்றிய பேச்சு வந்தபோது தடுமாறாமல் பேச அந்தப் பயிற்சி உதவியது. பார்படோஸ் நேரம் நம்மைவிட ஒன்பதரை மணித்தியாலம் பின்தங்கியது என்பதால், அங்கு காலை 10 மணிக்கு வைக்கும் நேர்முகம் இங்கு இரவு 7.30க்கு வரும். அந்த வேளையில் மின்வெட்டு வந்தால் என்ன செய்வது என்பதுவரை அவர் யோசித்து வைத்திருந்தார்.

புயல் பற்றியும் அவர் ஒரு பாடமே நடத்தினார். அத்லாந்திக் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. 1955இல் ஜேனட் தாக்கியபின், 2021 ஜூலை 2 அன்று எல்சா வரும்வரை, பார்படோஸை எந்தச் சூறாவளியும் நேராகத் தாக்கவில்லை. 2024 ஜூலை 1 அன்று பெரில் தீவுக்குத் தெற்காகக் கடந்துபோனபோதும் மீன்பிடிப் படகுகள் பெருமளவில் சேதமடைந்தன. காற்றுச் சுமையைக் கணிப்பதற்கு அந்தப் பிராந்தியத்தில் அமெரிக்க நியமங்களை நாடும் வழக்கம் உண்டு. பிரித்தானிய, ஐரோப்பிய நியமங்களில் பழகிய நமக்கு அது புதிது. 1964ஆம் ஆண்டுப் புயலைப் பெரியவர்கள் வாயிலாகக் கேட்டு வளர்ந்த திருகோணமலைக்காரருக்குக் காற்றின் வலிமையை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அதை எந்த நியமத்தின்படி எண்ணாக எழுதுவது என்பதைப் படித்தே ஆகவேண்டும்.

தொழிற்பதிவு வழிகாட்டலில்தான் சறுக்கல் தொடங்கியது. இதைக் கையாண்டவர் வேறொருவர். நிலையத்தின் கையேட்டில், பொறியியல் பட்டங்களை ஒன்றுக்கொன்று ஏற்பதற்கான வொஷிங்டன் உடன்படிக்கையில் இலங்கை உறுப்பினர் என்பதால் நமது பட்டம் எல்லாக் கரீபியன் தீவுகளிலும் தானாகவே ஏற்கப்படும் என்று அச்சிட்டிருக்கிறார்கள். இலங்கை 2014இல் அந்த உடன்படிக்கையின் முழு உறுப்பினரானது உண்மை. பார்படோஸ் அதில் உறுப்பினர் அல்ல. உடன்படிக்கை கையொப்பமிட்டவர்களுக்கிடையே மட்டும் செல்லும். பிரித்தானியா அதில் இருக்கிறது; அங்குள்ள பொறியியல் நிறுவனங்களின் பெயர்கள் பழைய பிரித்தானியக் குடியேற்ற நாடுகளில் இன்றும் மதிப்புடன் வாசிக்கப்படுகின்றன. ஆகவே பட்டயப் பொறியியலாளர் தகுதியைப் பிரித்தானிய நிறுவனம் ஒன்றின் வழியாகவும் பெற முயல்வது பயனுள்ள யோசனை. அதைக் கையேடு சொல்லவில்லை.

இன்னொரு குழப்பம், சங்க உறுப்புரிமையையும் சட்டப் பதிவையும் ஒன்றாக எண்ணுவது. பார்படோஸ் தொழில்சார் பொறியியலாளர் சங்கத்தில் சேர்வது வேறு; பொறியியலாளராகத் தொழில் செய்வதற்குரிய சட்டப்படியான பதிவு வேறு. டிரினிடாட் டொபாகோவிலும் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த பொறியியல் சபையே பதிவு செய்கிறது. அங்கும் பொறியியலாளர் சங்கம் தனியானது. ஜமெய்க்காவில் பதிவுச் சபை தனி. ஒரே படிவத்தை நிரப்பிவிட்டால் எல்லாத் தீவுகளுக்கும் செல்லும் என்ற எண்ணத்தில் இந்த நிலையம் பணம் பெறுவது சரியல்ல. இந்தக் கட்டத்தின் 60,000 ரூபாயில் நேர்முகப் பயிற்சிக்கு உரிய பங்கு நியாயமானது. பதிவு வழிகாட்டலுக்கு உரிய பங்கு நியாயமற்றது.

மூன்றாம் கட்டத்தில் எனக்குக் கிடைத்தது ஒரு பட்டியல். ‘கரீபியன் தீவுகளில் பொறியியல் வெற்றிடங்கள்’ என்ற தலைப்பு. முதல் வரியிலேயே கயானா. கயானா தென்னமெரிக்கப் பெருநிலத்தில் இருக்கும் நாடு என்பதைச் சுட்டிக்காட்டியபோது, “அதுவும் அந்தப் பக்கம்தானே, மேடம்” என்றார் வரவேற்பிலிருந்த தம்பி. பூகோளத்தை மன்னித்துவிடலாம். பட்டியலிலிருந்த அறிவித்தல்களில் பல காலாவதியானவை என்பதையும், சில நிறுவனங்களின் இணையப் பக்கங்களில் எவரும் இலவசமாகப் பார்க்கக்கூடியவை என்பதையும் மன்னிப்பதற்கில்லை.

அதைவிடப் பாரதூரமானது சம்பளத் தொகை. பட்டியலில் எல்லாச் சம்பளங்களும் ‘டொலர்’ என்ற ஒரே சொல்லால் குறிக்கப்பட்டிருந்தன. பார்படோஸ் டொலர் 1975 முதல் இரண்டுக்கு ஒரு அமெரிக்க டொலர் என்று நிலைநிறுத்தப்பட்டிருக்கிறது. அங்கு மாதம் 8,000 என்றால் அமெரிக்கக் கணக்கில் 4,000. டிரினிடாட் டொலரோ ஒரு அமெரிக்க டொலருக்கு ஏறத்தாழ ஆறே முக்கால். கேமன் டொலர் மட்டும் எதிர்த்திசையில் நிற்கிறது, ஒன்றுக்கு 1.20 அமெரிக்க டொலர். அதே 8,000, டிரினிடாட்டில் 1,200க்குச் சற்றுக் குறைய, கேமனில் 9,600. இந்த வேறுபாட்டை மறைத்த பட்டியலை வைத்துக்கொண்டு ஒருவர் நகையை அடகுவைத்துக் கட்டணம் செலுத்தினால் அதற்கு யார் பொறுப்பு? கேமனில் வருமான வரி கிடையாது, டிரினிடாட்டில் பெரும்பாலான ஊதியங்களுக்கு 25 சதவீதம், அங்கு வங்கிகளில் அமெரிக்க டொலர் வாங்குவதே பெரும்பாடு, எனவே ஊருக்குப் பணம் அனுப்புவது கடினம் என்பதெல்லாம் ஒரு பொறியியலாளர் தீவைத் தெரிவுசெய்யும்போது அறிந்திருக்க வேண்டியவை. 2024 டிசம்பர் 30 அன்று டிரினிடாட்டில் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டதுகூடப் பட்டியலைத் தந்தவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

டிரினிடாட்டின் எரிவாயுத் துறையை அவர்கள் மிகவும் புகழ்ந்தார்கள். அதன் நிலைமை அவர்கள் சொன்னது போல் இல்லை. பொயின்ற்-அ-பியேர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 2018 இறுதியில் மூடப்பட்டது. அத்லாந்திக் திரவ எரிவாயு ஆலையின் முதல் அலகு எரிவாயுப் பற்றாக்குறையால் 2020 முதல் இயங்கவில்லை. அனுபவமுள்ள உள்ளூர்ப் பொறியியலாளர்கள் வேலை தேடிக்கொண்டிருக்கும் நாட்டில், ‘இந்த வேலைக்கு இங்கு ஆள் இல்லை’ என்று வேலை தருபவர் நிரூபிப்பது எளிதல்ல. சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளிலோ ஆலைகளிலோ வேலை செய்த நம்மவர் பலர் டிரினிடாட்டைத்தான் முதலில் நினைப்பார்கள் என்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன். ஹோட்டல்களின் குளிரூட்டல், மின், நீர்க்குழாய் வேலைகளில் வளைகுடா அனுபவம் உள்ளவர்களுக்கு கேமனும் பார்படோஸும் பொருத்தமானவை என்பது ஓய்வுபெற்ற பொறியியலாளரின் கருத்து. எனக்கும் அது சரியாகவே படுகிறது.

வேலை அனுமதியின் ஒழுங்கை இந்த நிலையம் தலைகீழாக விற்கிறது என்பதே என் முதன்மையான குற்றச்சாட்டு. இந்தத் தீவுகளில் பொதுவாக முதலில் வேலை தருபவர் கிடைக்க வேண்டும். அவர் வெற்றிடத்தை உள்ளூரில் விளம்பரப்படுத்தி, தகுந்த ஆள் கிடைக்கவில்லை எனக் காட்ட வேண்டும். பிறகே அவர் பெயரால் விண்ணப்பம் போகும். அத்துடன் கரீபியன் சமூகம் (கரிகொம்) என்ற கூட்டமைப்பு நாடுகளின் பட்டதாரிகள் திறன் சான்றிதழ் ஒன்றுடன் ஒரு நாட்டிலிருந்து இன்னொன்றுக்குச் சென்று வேலை செய்யலாம். 2025 ஒக்டோபர் 1 முதல் பார்படோஸ், பெலீஸ், டொமினிக்கா, செயின்ட் வின்சென்ட் ஆகிய நான்கும் தமக்குள் முழுமையான நடமாட்டச் சுதந்திரத்தை நடைமுறைப்படுத்தியிருக்கின்றன. இலங்கையர் அந்த வரிசைக்குப் பின்னால்தான் நிற்கிறோம். இதைச் சொல்லாமல், ‘முதலில் போய்ச் சேருங்கள், வேலை பிறகு தானாக வரும்’ என்று சொல்வது ஆலோசனை ஆகாது.

அப்படிப் போய்ச் சேர்வதற்கு அவர்கள் பரிந்துரைத்த வழி, பார்படோஸ் 2020 ஜூலையில் அறிமுகப்படுத்திய ‘வெல்கம் ஸ்டாம்ப்’. அதை ‘பன்னிரண்டு மாத வேலை விசா’ என்று மேசையில் வைத்து விளக்கினார்கள். அது தீவுக்கு வெளியே உள்ள நிறுவனத்துக்கு இணையம் வழியாக வேலை செய்பவர்களுக்கானது. ஆண்டுக்கு 50,000 அமெரிக்க டொலர் வருமானம் எதிர்பார்க்கப்படுகிறது; கட்டணம் தனிநபருக்கு 2,000 அமெரிக்க டொலர். அதை வைத்துக்கொண்டு பார்படோஸ் ஒப்பந்தகாரர் எவரிடமும் சம்பளம் வாங்க முடியாது. இரண்டாயிரம் டொலரைத் தொலைத்துவிட்டு வேலையின்றித் திரும்புவதற்கான நேர்வழி அது.

பயண ஏற்பாட்டையும் அவர்களிடம் ஒப்படைக்க வேண்டாம். எனக்குத் தந்த விலைமதிப்பில் லண்டன் ஹீத்ரோவில் இறங்கி, கட்விக்கிலிருந்து பார்படோஸுக்கு ஏறுவதாக இருந்தது. விலை குறைவு என்று பெருமையாகவும் சொன்னார்கள். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு லண்டனில் ஒரே விமான நிலையத்துக்குள் மாறவே இடைப்பயண விசா தேவை. வெளியே வந்து வேறு விமான நிலையம் செல்வதற்கு வேறு வகை விசா தேவை. அம்ஸ்டர்டாம் வழியாகவும் நமக்கு விமான நிலைய இடைப்பயண விசா வேண்டும். அமெரிக்கா வழியாக எனில் அதற்கும் தனி விசா. செல்லுபடியான வேறு விசாக்கள் வைத்திருப்பவர்களுக்குச் சில விதிவிலக்குகள் உண்டு. விமானச் சீட்டை வாங்குவதற்கு முன் ஒவ்வொரு மாற்று நிலையத்துக்கும் இதைத் தனித்தனியே பார்க்க வேண்டும்.

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் பற்றியும் ஒரு சொல். சுவரில் சட்டமிட்டுத் தொங்குவது வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஆட்களை வெளிநாட்டு வேலைக்குச் சேர்ப்பவர் பெற வேண்டிய அனுமதிப்பத்திரம் வேறு. நான் கேட்டபோது ‘நாங்கள் ஆலோசனை மட்டும்தான் வழங்குகிறோம்’ என்றார்கள். அப்படியானால் ‘முழுமையான வேலை தேடல்’ என்று விலைப்பட்டியலில் எழுதுவது ஏன்? அனுமதி பெற்ற முகவர்களின் பட்டியல் பணியகத்தின் இணையத்தளத்தில் இருக்கிறது. 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம்.

எனக்கு நேர்முகம் கிடைத்தது அந்தப் பட்டியலால் அல்ல. பழுதடைந்த குழாய்களை மாற்றும் வேலை செய்யும் பார்படோஸ் ஒப்பந்தகாரர்கள் சிலருக்கு, பென்சில் வட்டத்தில் பிறந்த அந்தச் சுயவிபரக்கோவையை நானே அனுப்பினேன். கணவருக்கு அங்கு வீடு இருக்கிறது, ஆகவே எனக்குத் தங்குமிடச் செலவு தர வேண்டியதில்லை என்பதை அதனுடன் அனுப்பிய கடிதத்தின் இரண்டாம் பந்தியில் குறிப்பிட்டது ஓய்வுபெற்ற பொறியியலாளரின் யோசனை. ஒரு நிறுவனம் வேலை தர முன்வந்து, வெற்றிடத்தை அங்கு விளம்பரப்படுத்தியிருக்கிறது. அனுமதி விண்ணப்பம் அதன் பின்னரே போகும்.

முதற் கட்டத்துக்கு ஐந்தில் ஐந்து, இரண்டாவதற்கு மூன்று கொடுப்பேன். மூன்றாவதற்குக் கொடுக்க எதுவும் இல்லை. ஓய்வுபெற்ற பொறியியலாளர் சனிக்கிழமை முற்பகலில் மட்டுமே வருவார். முன்கூட்டியே தொலைபேசியில் பேசி அவரிடமே நேரம் கேளுங்கள், இல்லாவிட்டால் வேறொருவர் மாதிரிப் படிவத்தை நிரப்பித் தந்துவிடுவார். சேவைக் கடிதங்களின் மூலப் பிரதிகளையும், செய்த வேலைகளின் அளவுப் பதிவேடுகள் கையில் இருந்தால் அவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். அவர் முதலில் கேட்பது அவற்றைத்தான். நிலையம் மாடியில் இருக்கிறது, மின்தூக்கி இல்லை, கீழே மோட்டார் சைக்கிள் நிறுத்த மட்டுமே இடம் உண்டு.